சிங்காரவேலரும் மனித இயல்பும்

எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களில் மீன்பாடு பங்கிடப்படுங்கால், கடலிற் சென்று உழைத்தோர்க்கு ஒரு பங்கும், படகும் வலையும் உடையோர்க்கு ஒரு பங்கும் வகுப்பது வழக்கம். உழைப்போர்க்கும் உடையோர்க்கும் இடையேயுள்ள இத்தகைய பங்கீட்டின் நீதியை ஆராய்வதே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ம. சிங்காரவேலர்.

இவர் சென்னையில் மீனவர் குலத்தில் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பிறந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1907-இல் சட்டத் தேர்ச்சி பெற்று வழக்கறிஞரானார். இளமையில் பௌத்தம் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. துன்பத்தின் வேர் அவா என்பது புத்தர் கண்ட முடிபு. பின்னர் மார்க்சைக் கற்ற சிங்காரவேலர், அவ்வேரை உடைமை முறையிலே தேடலானார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தையொட்டி வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1922-இல் கயா காங்கிரஸில் பொதுவுடைமையை எடுத்துரைத்தார். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடித் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். 1925-இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் காரணமாக முதுமையிற் சிறை புகுந்து, 1930-இல் விடுதலையுற்றார்.

மனிதன் பிறவியிலேயே பேராசை உடையவன், ஆகலின் பொதுவுடைமை நிலைக்காது என்பார் உளர். மனித இயல்பு சூழ்நிலையால் உருவாவது; சூழ்நிலை மாறின் அதுவும் மாறும் என்பதே சிங்காரவேலர் கொள்கை. ஆகவே சமயத்தை விடுத்து அறிவியலைத் தமிழில் பரப்பினார். அவருடன் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்த திரு. வி. கலியாணசுந்தரனாரோ பொதுவுடைமையை ஏற்றும், சன்மார்க்கமின்றி அது நிறைவுறாதென்று கருதினார். முறை மாறுவதோடு நெஞ்சமும் கனிதல் வேண்டும் என்பது அவர் துணிபு.

இவ்விரண்டில் எது மெய்? பசித்த வயிற்றுக்கு அறவுரை மட்டும் போதாதென்பது தெளிவு. எனினும், பங்கிடும் அதிகாரம் பெற்றவன் தன் பங்கைப் பெருக்கிக் கொள்ளாதிருக்கச் சட்டம் மட்டும் போதுமா என்னும் ஐயமும் எளிதில் தீர்வதன்று. இருவரும் கருத்தில் வேறுபட்டும் தொழிலாளர் பக்கலிலேயே நின்றனர் என்பது நாம் கருதற்பாலது.

சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11-இல் மறைந்தார். துறைமுகத்தின் அருகே இராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் எழுப்பிய வினாவோ மாணவராகிய நம் அனைவர்க்கும் உரியதாய் நிற்கின்றது.