பாவக் கணக்கு எழுதிய சினைப்பர்

இறுதி யுத்த மாதங்களில் வெட்டவெளியைக் கடக்கும்போது அம்மா என் தலையை அமுக்கிப் பிடித்தபடிதான் ஓடுவார். ஷெல்லுக்கு பங்கர் இருந்தது. சினைப்பருக்கு ஒன்றும் இல்லை. அதனால் சிமோ ஹைஹாவைப் புகழும் காணொளிகள் எதையும் என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. அவரது வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கியது பிறகுதான்.

1905 டிசம்பரில், இன்றைய ரஷ்ய எல்லையோரமாக உள்ள பின்லாந்தின் ரௌத்யார்வியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமான மனிதர், அதிகம் பேசமாட்டார். வயலும் வேட்டையும்தான் வாழ்க்கை. 17 வயதில் ஊர்க்காவல் அமைப்பில் சேர்ந்து துவக்குச் சுடும் போட்டிகளில் பரிசுகள் வாங்கினார். 1939 நவம்பர் 30இல் சோவியத் படைகள் எல்லை தாண்டியபோது கொல்லா ஆற்றங்கரை முனைக்கு அனுப்பப்பட்டார்.

அவரது துவக்கு மொசின் நாகாந்தின் பின்லாந்து வகை. ஐந்து ரவைகள் கொள்ளும். ஒரு தகட்டில் கோத்த ஐந்தையும் மேலிருந்து பெருவிரலால் அமுக்கி உள்ளே இறக்க வேண்டும். இந்த ரவையின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் துவக்கு இறுகிவிடும். குளிர் அதைவிட மோசமான எதிரி. பூச்சியத்துக்குக் கீழே 20, சில நாட்களில் 40 பாகை. தடித்த எண்ணெய் உறைந்து, ஊசி அடிக்க மறுக்கும். சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோன துவக்கில் ஈரம் படியும், வெளியே வந்ததும் அதுவே பனிக்கட்டி. ஒவ்வொரு முறை போகும் முன்னும் வந்த பின்னும் ஹைஹா துவக்கைத் துடைத்துச் சுத்தம் செய்தது இதனால்தான்.

தொலைநோக்கி பூட்டவில்லை. அதற்காகத் தலையைச் சில அங்குலம் கூடுதலாக உயர்த்த வேண்டும், கண்ணாடியில் வெயில் பட்டால் மின்னும், குளிரில் புகார் படியும். குழல் வாய்க்கு முன்னால் பனியை அமுக்கி இறுக்கிவிடுவார், சுடும்போது பொடி கிளம்பாதிருக்க. மூச்சின் ஆவி தெரியாமல் வாய்க்குள் பனி. இத்தனை ஆயத்தத்தின் மறுமுனையில், இன்னொரு ஊரிலிருந்து வந்த ஒரு பெடியன் நின்றிருப்பான். அந்தப் பக்கத்தை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை.

சுமார் நூறு நாட்களில் 500க்கும் மேற்பட்டோரைச் சுட்டார் என்கிறார்கள். துல்லியமான எண்ணிக்கையில் இன்றும் சண்டை. 1940 மார்ச் 6ஆம் திகதி ஒரு வெடிரவை அவரது இடது தாடையைச் சிதைத்தது. நினைவு திரும்பியது 13ஆம் திகதி. அன்றுதான் போர் ஓய்ந்தது.

அந்தச் சமாதானத்தில் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத்துக்குப் போனது. 4 லட்சத்துக்கும் அதிகமானோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். ஹைஹாவின் காணியும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. எந்த நிலத்துக்காகப் பனிக்குள் கிடந்தாரோ அதுவே கைவிட்டுப் போனது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் காணி உறுதி இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது.

பல சத்திரசிகிச்சைகள். இடுப்பு எலும்பை எடுத்துத் தாடையில் வைத்தார்கள், முகம் கோணியே இருந்தது. ருயோகோலக்தியில் புதுக் காணி கிடைத்தது. கமம் செய்தார், நாய் வளர்த்தார், மான் இனத்தில் பெரிய மூஸ் வேட்டைக்குப் போனார். கல்யாணம் கட்டவில்லை. போரைப் பற்றிப் பேச விரும்பியதுமில்லை.

காயம்பட்ட காலத்தில் அவர் எழுதிய கொப்பி ஒன்று 2017இல்தான் வெளியே தெரியவந்தது. தான் சுட்டவர்களின் எண்ணிக்கையை அதில் பாவப் பட்டியல் என்று குறித்திருந்தார். வீரப் பட்டியல் என்று எழுத அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. தளபதி மன்னர்ஹைம் பதவி உயர்வு கொடுத்திருந்தார், பத்திரிகைகள் கொண்டாடின.

2002 ஏப்ரல் 1ஆம் திகதி, 96 வயதில், ஹமினாவில் காலமானார். ருயோகோலக்தி தேவாலயச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.