மூளையின் எழுத்தை முதலில் கண்டவர்

மனிதன் உள்ளத்தில் எண்ணுவதைப் பிறர் அறியக்கூடுமா என்பது மிகப் பழைய வினா. திருவள்ளுவப் பெருந்தகை குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்களை வகுத்து, முகத்தைக் கொண்டு அகத்தை உணரும் திறத்தை விளக்கினார். ஆயின் முகமும் அசையாது, நாவும் எழாது கிடக்கும் ஒருவனின் அகத்தை எங்ஙனம் அறிவது? இவ்வினாவிற்கு விடை தேடும் வழியைத் திறந்தவர் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ஹான்ஸ் பெர்கர் (1873–1941). மூளையில் எழும் மின்னலைகளைக் கொண்டு, ஒருவர் மனத்தால் கணக்கிடுகின்றாரா, ஓய்ந்திருக்கின்றாரா என்று கணிப்பொறி பிரித்தறியும் இக்காலத்தில், அவ்வறிஞரின் வாழ்வை மாணவச் செல்வங்களின் முன் வைக்க விழைகின்றோம். போற்றுவதற்காக மட்டுமன்று, எடைபோட்டுப் பார்ப்பதற்காகவும்தான்.

குடியும் பிறப்பும்

ஜெர்மனி நாட்டில் கோபுர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் சிற்றூரில் 1873ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பெர்கர் பிறந்தார். தந்தையார் மனநல மருத்துவர். தாயார் அன்னா, புகழ்பெற்ற கவிஞர் பிரெடரிக் ரூக்கர்ட்டின் திருமகளார். ரூக்கர்ட் அரபு, பாரசீகம், வடமொழி முதலிய பல மொழிகளில் துறைபோகியவர். திருக்குர்ஆனின் பெரும்பகுதியை ஜெர்மன் மொழியில் கவிநயம் குன்றாமல் பெயர்த்தவர். திருக்குறளின் சில பகுதிகளையும் தம் மொழிக்குக் கொண்டுசென்றவர். ஆதலின் பெர்கரின் பெயர் நமக்குப் புதிதாயினும், அவருடைய பாட்டனார் நம்மவர்க்கு அயலாரல்லர்.

வாழ்வைத் திருப்பிய விபத்து

வானியல் பயிலும் விருப்பத்தோடு பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர் பெர்கர், விரைவிலேயே அப்படிப்பை விடுத்து ஓராண்டுப் படைப்பணியில் சேர்ந்தார். ஒருநாள் பயிற்சியின்போது அவர் ஏறிய குதிரை மிரண்டு எழ, அவர் பீரங்கி வண்டியின் பாதையில் வீழ்ந்தார். வண்டி கடைசி நொடியில் நின்றமையால் உயிர் பிழைத்தார். அன்று மாலையே அவர் நலம் வினவித் தந்தையாரிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று தொலைவிலிருந்த தமக்கையார் உள்ளம் பதறியதே அத்தந்திக்குக் காரணம்.

தம் அச்சம் தமக்கையின் உள்ளத்தை எட்டியது என்றே பெர்கர் நம்பினார். உள்ளத்தின் ஆற்றலுக்கு உடலில் ஓர் அடிப்படை இருத்தல் வேண்டும். அதனை அளந்து காணவேண்டும் என்று உறுதிபூண்டு மருத்துவம் பயின்றார். 1897இல் யேனா நகரின் மனநல மருத்துவமனையில் பணியேற்ற அவர், தம் உழைப்புக் காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். 1919இல் அதன் தலைவருமானார்.

ஐந்தாண்டு மௌனம்

மூளையின் குருதியோட்டத்தை ஆராய்ந்தார்; அதன் வெப்பத்தை அளந்தார். அவர் தேடியது கிட்டவில்லை. விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று இங்கிலாந்தின் ரிச்சர்டு கேட்டன் 1875இலேயே கண்டிருந்தார். மனித மூளையிலும் அதனைக் காண முனைந்த பெர்கர், 1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மண்டையோட்டில் அறுவை செய்யப்பெற்ற பதினேழு வயது இளைஞர் ஒருவரிடம் முதன்முதலாக அம்மின்னலையைக் கண்டார். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் சில பத்துக் கூறுகளே அதன் அளவு.

கண்டதும் பறைசாற்றினாரல்லர். இதயத் துடிப்பின் மின்னோ, தசையசைவின் மின்னோ தம்மை ஏமாற்றுகின்றனவோ என்று ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்தார். மகன் கிளாஸையே பன்முறை ஆய்வுக்கு அமர்த்தினார். 1929இல்தான் முதற்கட்டுரை வெளிவந்தது. 1938க்குள் அதே பொருளில் பதினான்கு கட்டுரைகள் எழுதினார்.

கண்மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை எழுந்தடங்கும் பேரலைக்கு ஆல்பா என்றும், அதனினும் சிறிதாய் விரைவாய் ஓடும் அலைக்குப் பீட்டா என்றும் அவர் பெயரிட்டார். கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்கு ஒன்றில் கருத்தைச் செலுத்தினாலோ ஆல்பா அலை அடங்கிவிடுவதைக் கண்டார். தம் மகள் இல்சேயை மனத்தால் கணக்கிடச் செய்தும் இதனை ஆராய்ந்தார். மனத்தொழில் மாறினால் அலையும் மாறும் என்னும் உண்மை இங்ஙனம் ஏட்டில் ஏறியது.

உழைக்கும் மூளையில் அலை பெரிதாவதன்றோ முறை, அடங்குவது ஏன் என்று மாணவர் வினவலாம். நம் கீரப்பாளையத்து வயல்களை எண்ணிப் பார்ப்போம். நடவு செய்யும் பெண்டிர் ஒருசேரப் பாடுங்கால் அப்பாட்டின் ஏற்ற இறக்கம் சாலைவரை தெளிவாகக் கேட்கும். பாட்டு நின்று, அவரவர் தத்தம் அண்டையரோடு உரையாடத் தொடங்கினால் பேச்சு மிகுமேயன்றி, சாலைக்கு எட்டும் ஒத்த இசை இராது. மூளையின் நரம்பணுக்களும் அத்தகையனவே. ஓய்வில் ஒத்திசைக்கும்; உழைப்பில் பலவாறாய்ப் பிரியும்.

ஐந்தாண்டுக்காலம் அறிவுலகம் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1934இல் கேம்பிரிட்சில் நோபல் பரிசாளர் ஏட்ரியனும் மாத்யூசும் சோதித்து மெய்யெனக் கண்டு, ஆல்பா அலைக்குப் பெர்கரின் பெயரையே சூட்டிய பின்னர்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

மறைக்கலாகாத கறை

இம்மட்டோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடியும். ஆயின் உண்மை முழுமை பெறாது. நாசி ஆட்சி 1933இல் பிறப்பித்த சட்டப்படி, மரபுநோய் உடையோர் என முத்திரை குத்தப்பெற்ற ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் பிள்ளைப்பேறு அற்றவராக வலிந்து ஆக்கப்பெற்றனர். அவ்வழக்குகளின் மேல்முறையீட்டை விசாரித்த யேனா மரபுநல மேல்நீதிமன்றத்தில் பெர்கர் மருத்துவ உறுப்பினராக அமர்ந்தார். அவர் நாசிகளை எதிர்த்தவர், அதனால் பதவியிழந்தவர் என்றே நெடுங்காலம் நூல்கள் எழுதிவந்தன. ஆவணங்களை ஆராய்ந்தோர் இந்நூற்றாண்டில் அதனை மறுத்துள்ளனர். 1938இல் அவர் பெற்றது வயது நிறைந்த ஓய்வே.

உடல்நலிவும் மனச்சோர்வும் வருத்த, 1941ஆம் ஆண்டு சூன் முதல் நாள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பிறர் மனநோய்க்கு மருந்து தேடிய மருத்துவர், தம் மனச்சோர்வுக்குத் துணை காணாமல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற விளக்கு

பெர்கர் தேடிய தொலைவுணர்வு அவருக்குக் கிட்டவில்லை. தலைக்கு வெளியே சில விரற்கடை தாண்டினாலே தேய்ந்துவிடும் அம்மின்னலை, ஊர்விட்டு ஊர் செல்ல வல்லதன்று. ஆயினும் அவர் கண்ட கருவி வேறு பயன் தந்தது. வலிப்பு நோயை அறிய அதுவே மருத்துவரின் கண்ணாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள சீர்காழியில் 1922இல் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது, மூளை மருத்துவம் தமிழகத்தில் வேரூன்றியது.

1973இல் கலிபோர்னியாவின் ஜாக் விடால், மூளையலையால் கணிப்பொறியை இயக்கும் முறைக்குப் பெயரிட்டு வழிகாட்டினார். 1990இல் கெய்ர்ன், ஆவுனோன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஓய்வு, பெருக்கல் கணக்கு, மனத்துள் கடிதம் எழுதுதல், உருவத்தைச் சுழற்றிக் காணுதல், எண்களை மனக்கண்முன் வரிசையாகக் காணுதல் என்னும் ஐந்தையும் அலைகளைக் கொண்டே பிரித்தறிய முயன்றனர். கணிப்பொறி இங்கே எண்ணத்தின் சொற்களைப் படிப்பதில்லை. எத்தகைய வேலை நடக்கின்றது என்பதையே ஊகிக்கின்றது. சிலபோது தவறவும் செய்கின்றது. எனினும் ஒருவர் ‘ஆம்’ என்பதற்கு ஒரு மனவேலையும், ‘இல்லை’ என்பதற்கு மற்றொன்றும் செய்தால் பேச்சு பிறந்துவிடுகின்றதன்றோ! 1999இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், உடல் முழுதும் செயலிழந்த நோயாளிகள் தம் மூளையலையை அடக்கியும் எழுப்பியும் பழகி, எழுத்தெழுத்தாகத் தேர்ந்து செய்தி எழுதினர்.

தமக்காகப் பேச இயலாதோர்மேல் தீர்ப்புரைக்க அமர்ந்தவர் பெர்கர். அத்தகையோர் தாமே பேச வழி திறந்ததும் அவருடைய கண்டுபிடிப்பே. அறிவு ஒன்றே மனிதனை உயர்த்திவிடாது. அறிவைப் பயன்கொள்ளும் நெஞ்சமும் செம்மையுறல் வேண்டும். அறிவியல் பயிலப் புகும் நம் மாணவர்கள் அவருடைய ஐந்தாண்டுப் பொறுமையைக் கைக்கொள்க. நீதிமன்றத்தில் அவர் அமர்ந்த இருக்கையை மட்டும் ஒருநாளும் ஏற்காதிருப்பார்களாக.