தங்கையைப் பறித்த தாமதம்

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு ஏரி. கரையோரக் குப்பங்களில் பெண்களுக்கு ஓய்வே கிடையாது. சேற்றுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்போர் உண்டு. கூடை சுமந்து மீன் விற்போர் உண்டு. மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து மறுபடியும் உதிரம் பட்டால், உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கும் உண்டு, எங்கும் உண்டு.

நோயைக் காலத்தில் கண்டுகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? தம் வீட்டிலேயே அதைப் பார்த்துத் துடித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் படிப்பதே அதிசயமாக இருந்த காலம். மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ல் டாக்டராக வெளியே வந்தார்.

அப்படிப்பட்டவரின் தங்கைக்கே அந்தக் கொடுமை நேர்ந்தது. சீதபேதி என்றே நீண்ட நாள் வைத்தியம் நடந்தது. மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923ல் தங்கை கண்ணை மூடினார். வீட்டில் டாக்டர் இருந்தும் பயன் என்ன? அந்தக் கேள்வி அம்மையாரை விடவே இல்லை.

1925ல் லண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களில் பயிற்சி பெற்றார். திரும்பியதும் சென்னை சட்டசபையில் இடம்; 1927ல் அதன் உபதலைவர். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று அவர் செய்த காரியங்கள் ஊரறிந்தவை. ஆனால் தங்கையின் நினைவாக மனதில் வைத்திருந்த காரியத்துக்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67!

தங்கைக்கு வந்தது கருப்பை நோயல்ல. ஆனாலும் 1981ல் சென்னையில் புற்றுநோய்க் கணக்கெடுப்பு தொடங்கியபோது, பெண்களிடம் முதலிடத்தில் நின்றது கருப்பை வாய்ப் புற்றுநோய்தான். ஒருவகை வைரஸால் வருவது இது. முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். அத்தனை அவகாசம் தரும் நோயிடம் தோற்பதுதான் பரிதாபம்.

சோதனையும் பெரிய விஷயமல்ல. காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். 30 வயது கடந்த பெண்களுக்குத் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். ஒரு தடவையோடு விடாமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். குப்பத்துப் பெண் இதற்காக அடையாறுவரை பஸ் ஏற வேண்டியதில்லை. பழவேற்காட்டிலேயே சுகாதார நிலையம் உண்டு.

அம்மையார் 1968 ஜூலை 22ல் காலமானார். 82 வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன. அவருடைய பிறந்த நாளைத் தமிழக அரசு ஆஸ்பத்திரிகள் இன்று மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகின்றன.