ஊவா மலையின் தண்ணீரும் எலினோர் ஒஸ்ட்ரமும்

பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் எலினோர் ஒஸ்ட்ரம். 2009ஆம் ஆண்டு அந்தப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் யார் என்று பொருளியல் பேராசிரியர்கள் பலரே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் படித்தது அரசறிவியல். வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது ஒரே கேள்வியை: ஒரு குளத்தை, ஒரு காட்டை, ஒரு மீன்பாட்டைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது, அதை அழிக்காமல் பாதுகாக்க அவர்களால் முடியுமா?

இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடிய இடங்களில் இலங்கையும் ஒன்று. 1990இல் வெளிவந்த அவருடைய முக்கிய நூலில் கல்லோயாவும் கிரிந்தி ஓயாவும் வருகின்றன. கல்லோயா பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து அம்பாறைக்குப் போகிறது. கிரிந்தி ஓயா பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் பிறந்து, எல்ல, வெல்லவாய வழியாகத் தெற்கே திஸ்ஸமகாராமைக்கு இறங்குகிறது. இரண்டும் ஊவாவின் தண்ணீர். நான் அந்த மலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். ஆறுகளின் கீழ்ப்பகுதியைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தபோது, மேலே மலையில் இருக்கும் எங்களைப் பற்றிய கேள்விகளே எனக்குள் எழுந்தன. அதனால்தான் அவருடைய வாழ்க்கையை எங்கள் மக்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணிதம் மறுக்கப்பட்ட பெண்

எலினோர் 1933 ஆகஸ்ட் 7ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். அது பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். தாய் இசைக் கலைஞர், தந்தை மேடை அமைப்பாளர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, தாயோடு வளர்ந்தார். வீட்டுத் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டுச் சிக்கனமாக வாழ்ந்த குடும்பம் அது. ஆனால் அவர் படித்ததோ பெவர்லி ஹில்ஸில், பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில். வசதியுள்ளவர்கள் மத்தியில் வசதியில்லாத பிள்ளையாக இருப்பது எப்படிப்பட்டது என்று நகரப் பாடசாலைக்குப் போன தோட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெண்பிள்ளைக்கு உயர்கணிதம் எதற்கு என்று பாடசாலையில் தடுத்தார்கள். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவர். நூலகத்திலும் கடைகளிலும் வேலை செய்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, 1954இல் பட்டம் பெற்றார். வேலை தேடிப் போன இடமெல்லாம் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரியுமா என்பதுதான். முதல் திருமணம் முறிந்தது. கலாநிதிப் பட்டத்துக்குப் பொருளியல் படிக்க விரும்பினார். கணிதம் போதாது என்று அந்தத் துறை அவரைச் சேர்க்கவில்லை. அரசறிவியல் துறை சேர்த்துக்கொண்டது. அவரை மறுத்த அதே பொருளியலின் மிக உயர்ந்த பரிசு பிற்காலத்தில் அவர் கைக்கு வந்தது.

உப்பேறிய கிணறுகள்

கலாநிதிப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட விடயம் யாழ்ப்பாணத்தவருக்கு உடனே விளங்கும். லொஸ் ஏஞ்சல்ஸ் கரையோரத்தில் நகரசபைகளும் கம்பனிகளும் போட்டி போட்டு நிலத்தடி நீரை இறைத்தன. நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே புகுந்தது. ஒருவர் குறைத்தால் மற்றவர் கூடுதலாக இறைப்பார் என்ற பயத்தில் யாருமே குறைக்கவில்லை. இருந்தும் அவர்கள் அழிந்துபோகவில்லை. சங்கம் அமைத்தார்கள், நீதிமன்றத்தின் துணையோடு பேசி ஒவ்வொருவரும் இறைக்கும் அளவை மட்டுப்படுத்தினார்கள், கடல்நீரைத் தடுக்கக் கரையோரத்தில் நன்னீரை நிலத்துக்குள் செலுத்தினார்கள். இது எப்படிச் சாத்தியமானது என்பதை ஒஸ்ட்ரம் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து கவனித்துப் பதிவு செய்தார். 1965இல் அந்த ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அதே ஆண்டு, கணவர் வின்சென்ட் ஒஸ்ட்ரமுக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, அவரும் புளூமிங்டன் நகருக்குப் போனார். அவருக்குத் தரப்பட்டது காலை ஏழரை மணி வகுப்பு. யாரும் எடுக்க விரும்பாத நேரம். அங்கிருந்துதான் தொடங்கினார். 1973இல் கணவரும் அவரும் சேர்ந்து ஓர் ஆய்வுப் பட்டறையை நிறுவினார்கள். நேபாளத்தின் வாய்க்கால்கள் முதல் பல நாடுகளின் காடுகள் வரை அங்கிருந்து ஆராயப்பட்டன.

இரண்டு வழி மட்டுமா?

1968இல் கரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரை உலகெங்கும் கொள்கை வகுப்பவர்களுக்கு வேதமாகியிருந்தது. பொதுவில் விடப்பட்ட புல்வெளியில் ஒவ்வொருவரும் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்வெளி அழியும் என்பது அவர் வாதம். அப்படியானால் தீர்வு இரண்டுதான்: தனியாருக்குக் கொடு, அல்லது அரசு எடு.

ஊவா மலையில் இந்த இரண்டும் பரீட்சித்துப் பார்க்கப்பட்டவை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் கிராமத்தவர்களிடமிருந்து பிரித்தது. அவை துரைமாருக்கு விற்கப்பட்டன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளுக்குப் போனது. கம்பனி, அரசு, கம்பனி என்று மலை கை மாறியபோது, கொழுந்து பறித்தவர்களிடமும் கான் வெட்டியவர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட மக்களிடம் யார் கேட்பார்கள்?

ஒஸ்ட்ரம் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று காட்டினார். சுவிற்சர்லாந்தின் தோர்பெல் என்ற மலைக் கிராமத்தில், குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் மேட்டுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்ற விதி 1517ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஸ்பெயினின் வலென்சியாவில் விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் வியாழக்கிழமைகளில் தேவாலய வாசலில் கூடுகிறது. நேபாளத்தில் விவசாயிகளே மண்ணாலும் கல்லாலும் கட்டிப் பராமரித்த வாய்க்கால்கள், அரச திணைக்களத்தின் சீமெந்து வாய்க்கால்களைவிடக் கடைசி வயல்வரை நன்றாகத் தண்ணீர் கொடுத்தன.

இவை எல்லாவற்றிலும் பொதுவாகக் கண்டவற்றை அவர் எட்டு அடிப்படைகளாக வகுத்தார். எது பொது, யார் பங்காளிகள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதி அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். பயன்படுத்துவோருக்கு விதியை மாற்றுவதில் குரல் வேண்டும். கண்காணிப்பவர்கள் மக்களுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, திரும்பச் செய்தால் பெரிய தண்டனை. சண்டையைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம் வேண்டும். மக்கள் தாங்களாக அமைப்பாகும் உரிமையை அரசு அங்கீகரிக்க வேண்டும். பெரிய வளமென்றால் சிறிய அமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைய வேண்டும்.

எங்கள் பீலி

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் லயத்துப் பீலி நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் முறை. குடம் வைத்த வரிசையை யாரும் குழப்ப மாட்டார்கள். உடுப்புத் துவைப்பது பீலிக்குக் கீழேதான். சாவு வீட்டுக்காரர் வந்தால் எல்லோரும் விலகி நிற்பார்கள். மேலே ஊற்றுக் கண்ணைச் சுற்றி நின்ற மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். வரிசையைக் குழப்பியவருக்கு முதலில் அம்மாமாரின் ஏச்சு, அதற்கும் அடங்காவிட்டால் கோயில் கமிட்டி. இந்த விதி எதுவும் எழுத்தில் இல்லை.

பிறகு ஒரு நிறுவனம் வந்து தொட்டி கட்டிக் குழாய் போட்டது. எந்த லயத்துக்கு எத்தனை குழாய் என்பதை வெளியில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். மேல் லயத்துக்குத் தண்ணீர் வந்தது, கீழ் லயத்துக்கு வரவில்லை. குழாய் உடைந்தபோது அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்ட நிர்வாகம் நிறுவனத்தைக் காட்டியது, நிறுவனம் எப்போதோ போய்விட்டிருந்தது. தோட்டத்து மக்களுக்குப் பராமரிக்கத் தெரியாது என்று கடைசியில் பழி எங்கள்மீது விழுந்தது. மரண உதவிச் சங்கத்தையும் சீட்டையும் கோயில் திருவிழாவையும் ஒரு சதம் கணக்குத் தவறாமல் தலைமுறைகளாக நடத்தும் மக்களைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள்.

கல்லோயா தந்த பாடம்

இலங்கையைப் பற்றி ஒஸ்ட்ரம் எழுதியது, இங்கே தங்கி ஆராய்ந்தவர்களின் பதிவுகளை வைத்து. தென்கரையில் மாவெல்லவின் கரைவலைக்காரர்களிடம் முறை வைத்து வலை போடும் நல்ல ஒழுங்கு இருந்தும், வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை; வெளியிலிருந்த செல்வாக்கு அதைத் தடுத்தது. கிரிந்தி ஓயாவில் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஒருவரிலொருவர் நம்பிக்கையில்லை. அதிகாரியையும் அரசியல்வாதியையும் பிடித்தவருக்குத்தான் தண்ணீர். இரண்டையும் தோல்விகள் என்று அவர் பதிந்தார்.

கல்லோயா வேறு விதமானது. 1956 யூனில் தமிழர்கள் கொல்லப்பட்ட மண் அது. இடதுகரை வாய்க்காலின் மேல்பகுதியில் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைசிப் பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தார்கள். மேலே உள்ளவர்கள் எடுத்த பிறகு கீழே தண்ணீர் வராது. 1981இல் கோர்னெல் பல்கலைக்கழகமும் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் இளம் பட்டதாரிகளை அங்கே அனுப்பின. அவர்கள் கட்டளை கொண்டுபோகவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேரைச் சிறு குழுவாக்கினார்கள். அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. இருந்தும் மேலே இருந்தவர்கள் முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள். பல வருடங்கள் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானம் செய்து துப்பரவாக்கினார்கள். அந்த முயற்சியில் முன்னின்ற நோர்மன் அப்ஹொப் பின்னர் இதைத் தனி நூலாகவே எழுதினார்.

போரில் எல்லாம் இழந்த எம்மவர்களுக்கு இது இனிப்பான கதையாகத் தெரியலாம். ஒஸ்ட்ரம் அதை இனிப்பாக எழுதவில்லை. கல்லோயாவை வெற்றி என்று குறிக்காமல், எளிதில் உடையக்கூடியது என்றே வகைப்படுத்தினார். மக்களிடம் ஒத்துழைக்கும் குணம் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் உண்டாக்கிய விதியை அரசு மதிக்க வேண்டும், நாளைக்கு ஒரு மந்திரி வந்து அதைக் கலைக்கக் கூடாது. பிந்துனுவெவ படுகொலை நடந்த மலையில் பிறந்தவனாக, நல்லெண்ணத்தை மட்டும் நம்பச் சொல்ல என்னாலும் முடியாது.

மீரியபெத்தைக்குப் பிறகு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் விலகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். விலகி எங்கே போவது? வேறு காணி இல்லை, லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் கனத்தால் சரிவு நகரும் என்பது கான் வெட்டிய எங்கள் அப்பாமாருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த விடயம். ஆனால் எந்தக் கானை வெட்டுவது, எந்தச் சரிவை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருந்ததில்லை.

1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் அங்கும் அதே நிலையைத்தான் கண்டன. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததைச் சிலர் பிரதேசவாதம் என்றார்கள். ஒஸ்ட்ரம் இருந்திருந்தால் முதலில் வேறொன்றைக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்: திட்டம் போடும்போது குளத்தை நம்பி வாழ்பவர்கள் மேசையில் இருந்தார்களா?

2009இல் ஒலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்ட நோபல் பரிசில் தனக்குக் கிடைத்த பணத்தை அவர் தன் ஆய்வுப் பட்டறைக்கே கொடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. புற்றுநோயோடு கடைசிவரை வேலை செய்தார். 2012 யூன் 12ஆம் திகதி காலமானார். ரியோ சுற்றாடல் மாநாட்டை முன்னிட்டு அவர் எழுதிய கட்டுரை அன்றைக்குத்தான் வெளிவந்தது. பதினேழு நாட்களில் வின்சென்டும் போய்ச் சேர்ந்தார்.

இன்று ஊவாவில் ஒவ்வொரு பெருமழைக்கும் பாடசாலைகளில் தஞ்சமடையும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதாகப் பேசுகிறார்கள். வீடு வேண்டும். ஆனால் அந்த வீட்டின் காணி உறுதி யார் பெயரில் இருக்கும், மேலேயுள்ள ஊற்றும் மரமும் கானும் யார் பொறுப்பில் இருக்கும், அதற்கான விதியை எழுதும்போது லயத்திலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். அடிக்கல் நாட்டிய பிறகு கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.