இரயிலைத் தவறவிட்டவர் தந்த நேரம்

கடந்த ஜூன் மாதம், பயிற்சிப் பணி ஒன்றுக்காக டொரோண்டோவிலிருந்து எனக்கு இணையவழி நேர்காணல். மின்னஞ்சலில் மலேசிய நேரம் 8 மணி என்று மட்டுமே இருந்தது. அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு இரவு என்று நானே முடிவு செய்தேன். பினாங்கில் இரவு 8 மணிக்குக் கணினி முன் அமர்ந்தபோது, நேர்காணல் அன்று காலையிலேயே முடிந்திருந்தது. வாய்ப்பு போனது.

சர் சான்ஃபோர்ட் ஃபிளெமிங்கிற்கும் இப்படி நேர்ந்ததைப் பின்னர்தான் படித்தேன். 1827-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1845-இல் கனடாவில் குடியேறிய இரயில்வே பொறியாளர் அவர். 1876-இல் அயர்லாந்தில் மாலை 5.35 இரயிலுக்குச் சென்றார். அது காலையிலேயே போய்விட்டது. அட்டவணையில் காலை என்பது மாலை என அச்சாகியிருந்தது. இரவை நிலையத்திலேயே கழித்தார்.

அவர் அதோடு விடவில்லை. 24 மணி நேரக் கடிகாரத்தையும் உலகப் பொது நேரத்தையும் வலியுறுத்தினார். பூமி 360 பாகை சுழல 24 மணி நேரம். எனவே 15 பாகைக்கு ஒரு மண்டலம். 1883-இல் வட அமெரிக்க இரயில்வேக்கள் மண்டல நேரத்திற்கு மாறின. 1884-இல் அவரும் பங்கேற்ற வாஷிங்டன் மாநாடு, கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது. 1915-இல் மறைந்தார்.

நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னே. டொரோண்டோ கோடையில் 4, குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னே. வித்தியாசம் 12 அல்லது 13. கோடையில் இரு ஊர்க் கடிகாரங்களும் ஒரே எண்ணைக் காட்டும். நான் ஏமாந்தது அங்கேதான். இப்போது ஊர், தேதியுடன் 08:00 அல்லது 20:00 என்றே எழுதுகிறேன்.