மனைவிக்காக வாதாடிய வக்கீல்

வெளியூரில் வேலை கிடைத்தவன் முதலில் தனியாகத்தான் போகிறான். இருக்க ஓர் இடம் கிடைத்ததும் மனைவி மக்களை அழைத்துக்கொள்கிறான். இந்தச் சாதாரணக் காரியம் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கு ஒரு காலத்தில் பெரும் வழக்காக இருந்தது. அந்த வழக்கைக் கையில் எடுத்து, அதற்காகச் சிறையும் சென்றவர் பாரிஸ்டர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1869 அக்டோபர் 2ந் தேதி போர்பந்தரில் பிறந்த காந்தி, 1891ல் லண்டனில் பாரிஸ்டரானார். பம்பாயில் தொழில் சரியாக நடக்கவில்லை. ஒரு வியாபாரக் கம்பெனியின் வழக்குக்காக 1893ல் டர்பன் சென்றார். ஓராண்டு வேலை என்று போனவர் அங்கேயே தங்க நேர்ந்தது.

1894ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, கிழிந்த துணியோடு அவரிடம் வந்து அழுதார். காந்தியின் குமாஸ்தா தமிழர். அவரே விவரத்தைக் கேட்டுச் சொன்னார். காந்தி டாக்டரிடம் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போய், பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். அதன்பின் ஏழைத் தொழிலாளர்கள் அவர் ஆபீசைத் தேடி வரலானார்கள்.

குடும்பத்தோடு குடியேறும் கஷ்டம் அவருக்கே நேர்ந்தது. 1896ல் கஸ்தூரிபாயையும் பிள்ளைகளையும் கப்பலில் அழைத்துச் சென்றபோது, டர்பன் துறைமுகத்தில் இருபத்துமூன்று நாள் இறங்கவிடவில்லை. 1897 ஜனவரி 13ந் தேதி கரையேறியவரை வெள்ளையர் கூட்டம் அடித்து உதைத்தது. அடித்தவர்கள் மீது அவர் வழக்குத் தொடுக்க மறுத்துவிட்டார்.

1903ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீஸ் திறந்தார். டிரான்ஸ்வாலுக்குள் நுழையப் பெர்மிட் வேண்டும். உரிமை உள்ளவன் காத்துக் கிடக்க, நூறு பவுன் கொடுத்தவன் உள்ளே போனான். காந்தி சாட்சியங்களைத் திரட்டிப் போலீஸ் கமிஷனரிடம் கொடுத்தார். இரண்டு அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் விடுதலை செய்தாலும் அவர்கள் வேலை போயிற்று. காந்தி தம்மிடம் வருகிற கட்சிக்காரருக்கும் பொய் வழக்கு எடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

1906ல் கணவனோடு ரயிலில் வந்த ஒரு பெண்ணை, தனிப் பெர்மிட் இல்லையென்று வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையில் கைது செய்தார்கள். இத்தகைய அநீதிகளைக் காந்தி பத்திரிகையில் எழுதினார்; லண்டன் வரை சென்று மந்திரிகளிடம் முறையிட்டார்.

பேரிடி 1913 மார்ச்சில் விழுந்தது. கேப் மாகாணத்தில் குடியிருந்த ஒரு முஸ்லிம் இந்தியரின் மனைவியை நாட்டுக்குள் விட மறுத்தார்கள். பலதார மணத்துக்கு இடம் தரும் மத முறையில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். இந்து, முஸ்லிம், பார்சி குடும்பப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள்.

கோர்ட்டில் வழி அடைபட்டதும் காந்தி சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். கஸ்தூரிபாய் தாமே முன்வந்தார். அதே வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார். ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினார்கள்; வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பர் 6ந் தேதி, பிள்ளைகளும் பெண்களும் உட்பட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் காந்தியுடன் எல்லையைக் கடந்தார்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ந் தேதி உயிர் துறந்தாள். அவளுக்கு வயது பதினாறுதான்.

அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. இந்திய முறைப்படி மணந்த ஒரு மனைவிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அவளும் மைனர் பிள்ளைகளும் வந்து சேர வழி பிறந்தது. கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீதிருந்த மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. பல தடைகள் நீடித்தன. ஆனால் மனைவி மனைவியானாள்.

1914 ஜூலை 18ந் தேதி காந்தி கப்பலேறினார். பிறகு வக்கீல் தொழிலை அவர் நடத்தவில்லை. 1948 ஜனவரி 30ந் தேதி தில்லியில் சுடப்பட்டு மறைந்த மகாத்மாவை நாடு முழுவதும் அறியும். ஒரு காகிதத்துக்காக மனைவி மக்களைப் பிரிந்து தவித்த ஏழைகளுக்கு, அதற்கு வெகுகாலம் முன்பே அவர் வக்கீலாகத் துணை நின்றிருந்தார்.