தேயிலைப் பொதியில் உள்ள பெயர்: சேர் தோமஸ் லிப்டன் (1848 - 1931)

உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், எம்முள் பெரும்பாலோரின் காலைப்பொழுது ஒரு கோப்பைத் தேநீரோடுதான் தொடங்குகிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ கடைக்குச் சென்றால், மஞ்சள் நிறப் பெட்டியில் லிப்டன் என்ற பெயரைக் காண்கிறோம். அப்பெயருக்கு உரியவர் யார், அவருக்கும் எமது மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை இந்நூற்றாண்டு மலரில் சற்று நோக்குவோம்.

தோமஸ் லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்னும் வறிய பகுதியிற் பிறந்தார். பெற்றோர் பஞ்சகாலத்தில் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் நடத்திய சிறு கடையில் பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை என்பன விற்கப்பட்டன. அவை அயர்லாந்திலிருந்தே கப்பலில் வந்தன. விளைவிப்பவரிடம் நேரடியாக வாங்கினால் மலிவாக விற்கலாம் என்ற பாடத்தை அவர் கற்றது பள்ளியில் அன்று; அந்தச் சிறு கடையிலேதான்.

இளம் வயதிலேயே படிப்பை விட்டுக் கப்பலில் எடுபிடி வேலை பார்த்தார். சேர்த்த பணத்தோடு அமெரிக்கா சென்று, வர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் விளையும் தோட்டத்திலும், பின்னர் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையிலும் வேலை செய்தார். பொருளை எவ்வாறு காட்சிப்படுத்துவது, வாடிக்கையாளரை எவ்வாறு அழைப்பது என்பவற்றை அங்கே கண்டறிந்து ஊர் திரும்பினார்.

1871இல் கிளாஸ்கோவில் தமது முதலாவது கடையைத் திறந்தார். கொழுத்த பன்றிகளை அலங்கரித்து வீதிவழியே ஓட்டிச் சென்று விளம்பரம் செய்தார். 1881இல் நத்தார் காலத்தில் மிகப் பெரிய பாற்கட்டியொன்றை வரவழைத்து, அதனுள் தங்கப் பவுண்களை மறைத்துத் துண்டு துண்டாக விற்றார். சனங்கள் முண்டியடித்தனர். 1880களின் இறுதியில் அவருக்குப் பிரித்தானியாவெங்கும் ஏறத்தாழ 300 கடைகள் இருந்தன.

அக்காலத்திற் தேயிலை விலை கூடிய பொருளாக இருந்தது. தரகர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எனப் பல கைகள் மாறி வந்தமையால் ஓர் இறாத்தல் ஏறத்தாழ 3 சிலிங்குக்கு விற்றது. லிப்டன் அதனை 1 சிலிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொதி செய்து விற்றார். நிறையிலும் தரத்திலும் ஏமாற்று இல்லை என்ற நம்பிக்கை ஏழை இல்லத்தரசிகளுக்கு ஏற்பட்டது.

1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். எமது நாட்டிற் தேயிலையை முதலில் விளைவித்தவர் அவரே என்று சிலர் எண்ணுவதுண்டு, அது தவறு. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது, துரைமார் பலர் கடனாளிகளாயினர், காணிகள் மலிந்தன. லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியிற் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டமும் அவரது, பொதி செய்யும் இடமும் அவரது, விற்கும் கடையும் அவரது. தாயும் தந்தையும் வெண்ணெயில் செய்ததை மகன் தேயிலையில் உலகளவிற் செய்தார்.

1898இற் சேர் பட்டம் கிடைத்தது. அமெரிக்கக் கிண்ணப் படகோட்டப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தமது ஷாம்ரொக் படகுகளோடு பங்குபற்றி, ஐந்து முறையும் தோற்றார். ஆயினும் முகம் சுளிக்காமற் தோற்றமையால் அமெரிக்கர் அவரை நேசித்தனர். அதனால் அங்கே தேயிலையும் விற்றது. திருமணம் செய்யாத அவர் 1931 ஒக்டோபரிற் காலமானார். கிளாஸ்கோவிற் பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தமது செல்வத்தின் பெரும்பகுதியை அந்நகரின் ஏழைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் விட்டுச் சென்றார்.

அவரது உழைப்பையும் கொடையையும் நாம் மதிக்கிறோம். எனினும் இன்னொன்றையும் சொல்லாது விடலாகாது. அவர் விளம்பரங்களிற் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் இடம்பெற்றது. அவளுடைய பெயர் எங்கும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து, லயத்து அறைகளில் வாழ்ந்து, பிரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தவர்கள் இல்லையேல், ஒரு சிலிங் 7 பென்ஸ் என்ற விலை இருந்திராது. இடையிலிருந்த தரகர்களை நீக்கிய அந்த வணிகத்திலும் அவர்களது கூலி உயர்ந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அந்நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எம்முட் சிலரின் பாட்டிமாரும் அத்தகைய மலைச்சரிவுகளிற் கொழுந்து பறித்தவர்களே. தோட்டத்துச் செக்றோலில் அவர்கள் பெயர் கூலிக்காக மட்டும் எழுதப்பட்டது. அவர்களின் பேத்திமாரின் பெயர்கள் எமது கல்லூரியின் இடாப்பில் ஏறின. இன்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் வழக்கறிஞராகவும் பல நாடுகளில் இருக்கின்றார்கள். ஹப்புத்தளை மலையுச்சியில் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு இன்று உல்லாசப் பயணிகள் செல்கிறார்கள். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. விடுமுறையில் ஊர் வரும் சகோதரிகளே, பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சிலையைக் காட்டிய பின், கீழே கொழுந்து பறித்துக் கொண்டிருக்கும் ஒருவரோடு நின்று கதைத்து, அவருடைய பெயரையும் கேட்டு அறிந்து வாருங்கள்.